பிபிஎல் என்னும் சிக்கல்வழிக் கற்றல் வகுப்பில் முதல் முறையாக உட்காரும் மருத்துவ மாணவருக்கு

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு சிறிய அறையில் ஏழெட்டுப் பேரோடு உங்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "ஆரம்பியுங்கள்" என்பார்கள். தாளில் ஒரு நோயாளியின் கதை இருக்கும். அந்த நோயைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒரு வகுப்புகூட நடந்திருக்காது. அறையில் ஆசிரியர் ஒருவர் இருப்பார். ஆனால் பாடம் எடுக்க மாட்டார். ஆசிரியர் சொன்னதை எழுதி, படித்து, மதிப்பெண் வாங்கியே பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. "எங்களுக்குத் தெரியாததைப் பற்றி நாங்களே என்ன பேசுவது?" என்று கேட்காத புதிய மாணவர் அரிது.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தாளில் உள்ள நோய்க்குப் பெயர் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. அந்த உடம்பில் நடப்பது ஏன் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே போய், விளக்கம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்படி நின்றுபோகும் இடம்தான் அந்த வாரம் நீங்கள் படிக்க வேண்டிய பாடம். நோயின் பெயரைச் சொன்னதும் வகுப்பு முடிந்தது என்று நினைக்கும் குழு, ஆண்டு முழுவதும் கூடிப் பேசியும் அதிகம் கற்பதில்லை.

சிக்கல்வழிக் கற்றல் எனப்படும் இந்த முறை 1969-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் நடைமுறைக்கு வந்தது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். முதல் இரண்டு ஆண்டு உடற்கூறியலையும் உயிர்வேதியியலையும் மனப்பாடம் செய்த மாணவர், மூன்றாம் ஆண்டு நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது அதில் எதையும் எடுத்துப் பயன்படுத்தத் தெரியாமல் விழிக்கிறார் என்பதுதான் அன்றைய கவலை. நோயாளியை முதலில் வைத்து, அறிவியலை அவர் வழியாகப் படித்தால் என்ன என்று யோசித்தார்கள். 1974-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், 1978-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில், 1985-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் என்று அது பரவியது. மாஸ்ட்ரிக்டில் வகுத்த ஏழு படிகளைத்தான் இன்று பல கல்லூரிகள் சிறு சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன. உங்கள் கல்லூரியில் படிகள் ஐந்தாகவோ எட்டாகவோ இருக்கலாம், சாரம் ஒன்றுதான்.

அறைக்குள் யார் யார்

ஒரு குழுவில் ஆறு முதல் பத்துப் பேர் இருப்பார்கள். ஒவ்வொரு கேஸுக்கும் ஒருவர் தலைவர். நேரத்தையும் பேச்சின் போக்கையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. இன்னொருவர் வெண்பலகையில் எழுதுபவர். இந்தப் பொறுப்புகள் முறைவைத்து மாறும். எழுதும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பவர்கள் அதிகம். நானோ புதியவர்களை அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பிறர் சொல்வதைப் பலகையில் ஒரு வரியாகச் சுருக்கும்போது அது உங்களுக்கு விளங்கியதா இல்லையா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். விளங்கவில்லை என்றால் "இதை எப்படி எழுதட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் குழு முழுவதும் தெளிவடையும்.

ஆசிரியரை டியூட்டர் என்பார்கள். பதில் தெரிந்தும் அவர் சொல்லாமல் இருப்பது அலட்சியத்தால் அல்ல. அவர் வாய் திறந்தால் நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவீர்கள். குழு தடம் மாறும்போது "அது ஏன் அப்படி நடக்கிறது?", "நீங்கள் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றாக நிற்குமா?" என்பது போன்ற கேள்விகளை மட்டும் போடுவார். அந்தக் கேள்விகளைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் அவற்றை நீங்களே கேட்டுக்கொள்ளப் பழகிவிட வேண்டும்.

ஒரு கேஸைக் கையில் எடுத்துக்கொள்வோம்

படிகளை வெறுமனே விளக்கினால் எல்லாமே எளிதாகத் தோன்றும். ஆகவே முதலாண்டுக்கு ஏற்ற ஒரு கேஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

"14 மாதக் குழந்தை, எடை 9 கிலோ. இரண்டு நாட்களாகத் தண்ணீர்போல வயிற்றுப்போக்கு. முதல் நாள் வாந்தியும் இருந்தது. மலத்தில் ரத்தம் இல்லை. குழந்தை எரிச்சலோடு அழுதுகொண்டே இருக்கிறது. கண்கள் குழிவிழுந்திருக்கின்றன. கோப்பையைக் கண்டதும் தாவிப் பிடித்து ஆவலோடு குடிக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது. குடிக்கக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு அதிகமாகும் என்று பயந்து நேற்றிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை என்கிறார் தாய். மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைச் சிறிது சிறிதாக, நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 675 மில்லிலிட்டர் கொடுக்கச் சொல்கிறார். நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை விளையாடுகிறது. வயிற்றுப்போக்கு இன்னும் நிற்கவில்லை."

முதல் முறை படிக்கும்போது ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். இரண்டாம் முறை ஒவ்வொருவரும் தனியே படித்து, வியப்பளிக்கும் வரிக்குக் கீழே கோடு போடுங்கள். இந்தக் கேஸில் கடைசி வரிதான் அது. வயிற்றுப்போக்கு நிற்காமலே குழந்தை தேறிவிட்டது. இது எப்படி?

முதல் படி, சொற்கள். புரியாத சொல், சோதனை முறை, அளவு எதுவாக இருந்தாலும் கேட்டுத் தெளியுங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது எதற்காக என்று குழுவில் யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும். இல்லையென்றால் பலகையில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் படியில், விளக்கம் கேட்டு நிற்பவற்றைக் கேள்விகளாக மாற்ற வேண்டும். "வயிற்றுப்போக்கு" என்று எழுதினால் அது ஒரு தலைப்பு; அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம், எதையும் பேசாமலும் இருக்கலாம். "ஒன்றும் குடிக்காத குழந்தையின் குடலுக்குள் இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?" என்று எழுதினால் குழுவுக்குப் பிடி கிடைக்கும். அதே போல: கண் ஏன் குழிவிழுகிறது? தோல் ஏன் தாமதமாகத் திரும்புகிறது? கரைசலில் உப்பு சரி, சர்க்கரை எதற்கு? 675 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தாயின் அச்சத்துக்கு ஏதாவது அடிப்படை உண்டா? கடைசிக் கேள்வியைப் பல குழுக்கள் விட்டுவிடும். விடாதீர்கள். அந்தத் தாயிடம் நாளை பேசப்போவது நீங்கள்தான்.

தவறான பதில்களின் அருமை

மூன்றாம் படியில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததையும் தோன்றுவதையும் சொல்ல வேண்டும். புத்தகம் மூடியிருக்க வேண்டும், கைபேசி பைக்குள் இருக்க வேண்டும். இதில் எந்தத் தளர்வும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேசைக்கு அடியில் ஒருவர் தேடிப் பார்த்து விடையைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் யோசிக்கும் வாய்ப்பை அவர் பறித்துக்கொள்கிறார்.

நம் கேஸில் பேச்சு இப்படிப் போகலாம். "கிருமி குடல் சுவரைப் புண்ணாக்கிவிட்டது. அதனால் நீர் உறிஞ்சப்படவில்லை" என்கிறார் ஒருவர். "அப்படியானால் வாய்வழியாகக் கொடுத்த கரைசல் மட்டும் எப்படி உறிஞ்சப்பட்டது?" என்கிறார் அடுத்தவர். "குழந்தை சாப்பிடவில்லை அல்லவா, சர்க்கரை சக்திக்காக இருக்கலாம்" என்று ஒரு குரல். பள்ளியில் படித்த சவ்வூடு பரவலை நினைவில் வைத்திருக்கும் நான்காமவர் எல்லோரையும் நிறுத்துகிறார்: "குடலுக்குள் சர்க்கரை இருந்தால் உடம்பிலிருக்கும் நீரை அது குடலுக்குள் இழுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கூடத்தானே வேண்டும்?"

இந்த நான்கில் முழுமையாகச் சரியானது எதுவும் இல்லை. ஆனாலும் நான்கையும் பலகையில் எழுத வேண்டும். "அது தப்பு" என்று யாரும் இந்தக் கட்டத்தில் சொல்லக் கூடாது, "அப்படி இருந்தால் இதை எப்படி விளக்குவது?" என்று மட்டும் கேட்கலாம். தலைவராக இருப்பவர் காக்க வேண்டிய முதல் விதி இது. தன் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லி, அது எங்கே முட்டிக்கொள்கிறது என்று பார்த்தவர், பிறகு சரியான விளக்கத்தைப் படிக்கும்போது அது மனத்தில் தங்கிவிடும். ஏற்கெனவே தெரிந்ததைக் கிளறி எழுப்பிவிட்டுப் புதியதைப் படித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் என்பதுதான், இந்த முறைக்கு உளவியல் அடிப்படை தந்த மாஸ்ட்ரிக்டைச் சேர்ந்த ஹென்க் ஷ்மிட் போன்றவர்களின் வாதம்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கருத்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் கேள்வியாகச் சொல்லுங்கள். "எனக்கு இந்த இடம் புரியவில்லை, குடலிலிருந்து ரத்தத்துக்கு நீர் தானாகப் போகுமா, யாராவது தள்ள வேண்டுமா?" என்று நீங்கள் கேட்டால், எட்டுப் பேரில் ஐந்து பேருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கும். தெரியவில்லை என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டிய முதல் தகுதிகளில் ஒன்று. அதைப் பழகுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வாழ்நாளில் கிடைக்காது.

நான்காம் படியில் கொட்டியதை ஒழுங்குபடுத்துகிறோம். பட்டியல் போடுவதைவிட அம்புக்குறிப் படம் வரைவது நல்லது. கிருமியில் தொடங்கி, குடல் சுவருக்கு ஓர் அம்பு. அங்கிருந்து உப்பும் நீரும் வெளியேறுவதற்கு ஒன்று. பிறகு ரத்தத்தின் அளவு குறைவது, தாகம், கண், தோல், நாடி. ஒவ்வொரு அம்பையும் தொட்டு "இதை நம்மில் ஒருவரால் இப்போது விளக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாத அம்பின் மேல் வேறு நிற மையால் கேள்விக்குறி போடுங்கள். பலகையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டே அறையை விட்டு வெளியேறுங்கள்.

கேள்வியை எழுதுவது எப்படி

ஐந்தாம் படி, கற்றல் இலக்குகளை எழுதுவது. நேரம் முடியப்போகும் அவசரத்தில் "சிறுகுடல், நீரிழப்பு, கரைசல்" என்று மூன்று சொற்களை எழுதிக்கொண்டு கலைந்துவிடும் குழுக்களே அதிகம். அப்படிக் கலைந்தால் அடுத்த மூன்று நாட்கள் என்ன படிக்கிறோம் என்று தெரியாமல் நூறு பக்கங்களில் தொலைந்துபோவீர்கள். கடைசி இருபது நிமிடங்களை இதற்கென்றே ஒதுக்கி வைக்கும்படி தலைவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"சிறுகுடலின் அமைப்பும் செயலும்" என்பது மோசமான இலக்கு; எங்கே நிறுத்துவது என்று அது சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "சிறுகுடல் செல் சோடியத்தையும் குளுக்கோஸையும் உள்ளே எடுப்பது எப்படி? வயிற்றுப்போக்கின்போது அதில் எது பழுதாகிறது, எது பழுதாகாமல் இருக்கிறது?" இதற்குப் பதில் கிடைத்தால் கேஸின் கடைசி வரி விளங்கிவிடும். ஓர் இலக்கு நல்ல இலக்கா என்று பார்க்க நான் இரண்டைக் கவனிப்பேன்: கேஸில் உள்ள ஒரு குறிப்பிட்ட வரிக்கு அது பதில் தருகிறதா? அதற்கான பதிலை ஐந்து நிமிடத்தில் வாய்மொழியாகச் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் நல்ல இலக்கு. ஐந்து நிமிடத்தில் முடியாது என்றால் அதை இரண்டாக உடையுங்கள்.

ஒரு கேஸுக்கு நான்கு முதல் ஆறு இலக்குகள் போதும். எல்லாமே உயிர்வேதியியலாக இருந்தால் எதையோ விட்டுவிட்டீர்கள் என்று பொருள். நம் கேஸில் ஒன்றாவது அந்தத் தாயைப் பற்றியதாக இருக்க வேண்டும்: "வயிற்றுப்போக்கின்போது குடிக்கவும் உண்ணவும் கொடுப்பது பற்றி என்ன சொல்ல வேண்டும், ஏன்?" கல்லூரி எதிர்பார்க்கும் இலக்குகளின் பட்டியல் டியூட்டரின் கோப்பில் இருக்கும். உங்களுடையதை எழுதி முடித்த பிறகு "பெரிதாக எதையாவது விட்டுவிட்டோமா?" என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தனியே படிக்கும் நாட்கள்

ஆறாம் படியில் குழு கலைந்து ஒவ்வொருவரும் தனியே படிக்கிறார்கள். இங்கேதான் மிகப் பெரிய ஆசை ஒன்று வரும்: ஆறு இலக்குகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வது. செய்யாதீர்கள். பங்கு போட்ட அன்றே இந்த முறை செத்துவிடுகிறது. உங்கள் பங்கை மட்டும் அறிந்து, மற்ற ஐந்தைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டால், திறமை குறைந்த ஐந்து விரிவுரையாளர்களிடம் பாடம் கேட்டதாகத்தான் ஆகும். எல்லா இலக்குகளையும் எல்லோரும் படிக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒன்றில் கூடுதல் ஆழம் போவது வேண்டுமானால் சரி.

படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஒரு நல்ல உடலியங்கியல் பாடநூலில் தேவையான பகுதியை முழுமையாக வாசியுங்கள். இணையத்தில் துண்டு துண்டாகப் படிப்பதில் தொடங்கினால் சட்டகம் இல்லாமல் தகவல்கள் மிதக்கும். சட்டகம் கிடைத்த பிறகு இரண்டாவது மூலத்தைப் பாருங்கள். இரண்டும் முரண்படும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கேஸுக்குப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். சிறுகுடல் செல்லில், குடலின் உட்குழிவைப் பார்த்த பக்கத்தில் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியம் அயனிகளையும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் சேர்த்தே உள்ளே எடுக்கும். ஒன்று இல்லாமல் மற்றதை எடுக்காது. செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்ப் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் இந்த ஓட்டம் நடக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் போகும் பக்கம் நீரும் போகும். காலராவை எடுத்துக்கொண்டால், அதன் நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவை உயர்த்தி, குளோரைடு வாயில்களைத் திறந்துவிடுகிறது. குளோரைடும் அதைத் தொடர்ந்து சோடியமும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆனால் எஸ்ஜிஎல்டி1 வழி சேதமடைவதில்லை. ரோட்டா வைரஸ் போன்றவை குடல் சுவரை ஓரளவு சிதைத்தாலும், பிழைத்திருக்கும் பரப்பில் அந்த வழி வேலை செய்கிறது. வெளியேற்றம் தொடரும்போதே இன்னொரு கதவு வழியாக நீரை உள்ளே அனுப்ப முடிகிறது. குழந்தை விளையாடுகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

இனி நான்காமவரின் சந்தேகத்துக்கு வருவோம். குடலில் சர்க்கரை நீரை இழுக்காதா? அளவுக்கு மிஞ்சினால் நிச்சயம் இழுக்கும்! உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் குளுக்கோஸும் 75 மில்லிமோல் சோடியமும் சம அளவில் இருக்கின்றன. மற்ற உப்புகளையும் சேர்த்து மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லியாஸ்மோல். அதற்கு முன்பு இருந்த கரைசலின் செறிவு 311. குறைவான செறிவுள்ள கரைசலில் மலத்தின் அளவும் வாந்தியும் குறைகின்றன என்று தெரிந்ததால்தான் மாற்றினார்கள். பழரசத்தையும் குளிர்பானத்தையும் இந்தக் குழந்தைக்குக் கொடுக்காதே என்பதற்கும் காரணம் இதுவே. அந்த மாணவரின் ஊகம் பாதி சரி. எந்தப் பாதி என்று கண்டுபிடித்த மாணவர் இதை ஆண்டுகள் கழித்தும் மறக்க மாட்டார்.

675-இன் கணக்கும் அழகானது. இந்த அறிகுறிகள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம்வரை நீர் போயிருப்பதைக் காட்டுகின்றன. நடுப்புள்ளி 7.5 சதவீதம், அதாவது கிலோவுக்கு 75 மில்லிலிட்டர். ஒன்பது கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

தேடிப் படிப்பவருக்கு வரலாறும் கிடைக்கும். சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை 1960-இல் ப்ராக் நகரில் முன்வைத்தவர் ராபர்ட் கிரேன். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவி, ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் வாய்வழிக் கரைசலைப் பெருமளவில் கொடுக்கச் செய்தார். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆய்வகத்தில் கண்ட ஒரு செல் சவ்வின் குணம் பதினோரு ஆண்டுகளில் கூடாரங்களில் உயிர் காத்தது. அடிப்படை அறிவியல் மருத்துவருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

படித்ததைக் குறிப்பெடுக்கும்போது பாடநூலின் வாக்கியத்தை எழுதாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் அந்தச் செல்லை வரையுங்கள். எந்தப் பக்கம் எந்தப் புரதம், எது எங்கே போகிறது என்று அம்பு போடுங்கள். நின்றுபோன இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள்.

இரண்டாம் அமர்வு

ஏழாம் படிக்குக் குழு மறுபடியும் கூடுகிறது. ஸ்லைடு வேண்டாம், குறிப்பேட்டைப் பார்த்து வாசிப்பதும் வேண்டாம். ஒவ்வொருவரும் படித்ததை வரிசையாக ஒப்பிக்கும் கூட்டமாக இது மாறிவிட்டால், பத்தாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். முன்பு எடுத்த பலகைப் படத்தைத் திறந்து, கேள்விக்குறி போட்ட அம்புகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒருவர் பலகையில் வரைந்து விளக்கட்டும், மற்றவர்கள் இடைமறிக்கட்டும். உங்கள் பாடநூலில் வேறு மாதிரி இருந்ததா? அதைச் சொல்லுங்கள். எந்த மூலத்தில் படித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று தோன்றும் நேரத்தில் கேஸை மாற்றிப் பாருங்கள். கரைசலில் சர்க்கரையே இல்லாமல் உப்பு மட்டும் கொடுத்திருந்தால்? மலத்தில் ரத்தம் இருந்திருந்தால்? குழந்தை மயங்கிக் கிடந்து, குடிக்கவே முடியாமல் இருந்திருந்தால்? ஆழமாக வேகமாக மூச்சு வாங்கியிருந்தால்? கடைசிக் கேள்வியில் பல குழுக்கள் நின்றுவிடும். மலத்தோடு பைகார்பனேட் வெளியேறி ரத்தத்தில் அமிலத்தன்மை கூட, உடம்பு மூச்சின் வழியாக அதைச் சரிசெய்யப் பார்க்கிறது என்று யாராவது தட்டுத்தடுமாறிச் சொல்லும்போது, அடுத்த மாதம் படிக்கப்போகும் சிறுநீரகப் பாடத்துக்கு இப்போதே கதவு திறந்துவிடுகிறது.

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் குழு எப்படி வேலை செய்தது என்று பேசுங்கள். "நன்றாக இருந்தது" என்று எல்லோரும் சொன்னால் அதில் பயன் இல்லை. "நீ அந்தப் பம்பை வரைந்து காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது", "நான் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை குறுக்கிட்டாய்" என்று நடந்த ஒன்றைச் சுட்டிச் சொல்லுங்கள்.

குழு சரியாக இல்லாதபோது

ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். அவரை அடக்க முயல்வதைவிட, எழுதும் பொறுப்பைக் கொடுத்துவிடுவது பலன் தரும். வாயே திறக்காதவரைத் திடீரென்று "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் தவிக்க விடாதீர்கள், முதல் நாளே தனியாகப் பேசி, "இந்தக் கேள்வியை நாளை நீ தொடங்கி வை" என்று சொல்லிவையுங்கள். படிக்காமலே வருபவரைச் சகித்துக்கொள்ளாதீர்கள். முதல் முறை தலைவர் தனியே கேட்கட்டும், தொடர்ந்தால் டியூட்டரிடம் சொல்லுங்கள். இதைக் காட்டிக்கொடுத்தல் என்று நினைக்க வேண்டாம். அவர் நாளை சேரப்போவதும் ஒரு மருத்துவக் குழுவில்தான்.

டியூட்டரே பிரச்சினையாக இருப்பதும் உண்டு. தன் துறை கேஸாக வந்தால் அரை மணி நேரம் விரிவுரை ஆற்றிவிடுவார் சிலர். மரியாதையோடு, "ஐயா, நாங்கள் முதலில் முயன்று பார்க்கிறோம், தவறினால் திருத்துங்கள்" என்று சொல்லலாம். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வார்கள்.

தேர்வு என்ன ஆகும்

இந்தக் கவலைக்கு நேர்மையான பதில் தேவை. 1993-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுத் தொகுப்புகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின: இம்முறையில் படித்தவர்கள் படிப்பை அதிகம் விரும்புகிறார்கள், நோயாளியைக் கையாள்வதில் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கிறார்கள், ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் சற்றுக் குறைவாக எடுக்கிறார்கள். 2008-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பு, பட்டம் பெற்ற பின் நிச்சயமின்மையைச் சமாளிப்பது, நோயாளியோடு பேசுவது, தாமாகவே தொடர்ந்து கற்பது போன்றவற்றில் இம்முறையின் பயன் தெரிவதாகச் சொன்னது. பிபிஎல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அடிப்படை அறிவியலைக் கைவிடாதீர்கள் என்பதே இதிலிருந்து நான் புதியவர்களுக்கு எடுத்துச் சொல்வது. கேஸ்கள் ஆழமாகத் தோண்டும். ஆனால் நிலம் முழுவதையும் தோண்டாது.

ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தின் தலைப்புப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் அது தொட்ட தலைப்புகளுக்கு எதிரே கேஸின் பெயரை எழுதுங்கள். வயிற்றுப்போக்குக் கேஸ் முடிந்தால் குடல் உறிஞ்சுதல், செல் சவ்வுக் கடத்தல், உடல் நீர்ப் பங்கீடு, அமிலகாரச் சமநிலையின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு எதிரே எழுதலாம். கேஸ் முடிந்த வாரமே அந்தத் தலைப்புகளில் பத்துப் பழைய தேர்வு வினாக்களைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்; ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. பருவத்தின் நடுவில் பட்டியலைப் பாருங்கள். எதிரே எதுவும் எழுதப்படாமல் காலியாக இருக்கும் தலைப்புகள் பெரும்பாலும் கருவியல், திசுவியல், உயிர்ப்புள்ளியியல் போன்றவையாக இருக்கும். அவற்றுக்கு விரிவுரையையும் பாடநூலையும் நாடுங்கள்; வாரத்தில் ஒரு மாலையை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், தேர்வுக்கு முந்தைய மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.